தாத்தாவின் நினைவை ஆய்வில் சேர்க்கலாமா?

சிங்கப்பூரின் செம்பவாங் கடலோரத்தில் நண்டு பிடித்ததைச் சொல்லும் தாத்தா, ஆண்டை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வதால் அதை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆண்டு மனதில் நிற்காது. சேற்றின் வாடை, கையில் பட்ட கொடுக்கு, கடல்நீர் வற்றுவதைப் பார்த்து இறங்கிய நேரம் எல்லாம் நிற்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே!

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். 1971-இல் பிரிட்டிஷ் படை அங்கிருந்த கடற்படைத் தளத்தைவிட்டுப் போனதற்கு முன்பா, பின்பா? கல்யாணத்துக்கு முன்பா? இப்படிக் கேளுங்கள். முடிந்தால் கரைக்கே கூட்டிப்போங்கள், இடத்தைப் பார்த்ததும் பேச்சு தானாக வரும். அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால் இரண்டையுமே எழுதுங்கள், தாத்தாவின் சொல்லைத் திருத்தவே வேண்டாம்.