மகளின்ர பூசணித் தோட்டப் பயணத்துக்கு நான் போகலாமோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டது விளங்கினது. கனடாவுக்கு வந்து ஏழு மாதம், மகள் சீனியர் கிண்டர்கார்டன், ஒக்ரோபரில பூசணித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினம், உதவிக்கு வாற பெற்றோர் பேர் குடுங்கோ எண்டு கடிதம். இங்கிலிஸ் தடக்குப்படுற நான் போய் என்ன செய்ய எண்டு கேக்கிறியள். பேரைக் குடுங்கோ. ரொறன்ரோ ஸ்காபரோவில இருந்து மூண்டு பிள்ளையளோடயும் ஆறு தரம் போய் வந்திட்டன். அங்க தேவைப்படுற இங்கிலிஸ் நாலு பிள்ளையளின்ர பேரும் நாலு வரைக்கும் எண்ணத் தெரியிறதும்தான்.

முதல்ல பொலிஸ் சான்றிதழ். பிள்ளையளோட நிக்கிற ஆக்களுக்கெண்டு தனி வகை இருக்கு. எப்பிடி எடுக்கிறதெண்டு பள்ளிக்கூட ஒஃபிஸில கேளுங்கோ. கிழமைக்கணக்கா இழுபடலாம், அதால இண்டைக்கே கேளுங்கோ. சிலருக்குக் கைரேகையும் கேப்பினம். என்ர மனுசனுக்குக் கேட்டவுடன ரெண்டு நாள் நித்திரை இல்லை. எங்கட ஆக்களுக்குப் பொலிஸ் எண்டாலே நெஞ்சு பக்கெண்டும்தானே. பிறந்த திகதியும் ஆண், பெண் விபரமும் பழைய குற்றப் பதிவு ஒண்டோட பொருந்தினா, அது நீங்கள் இல்லையெண்டு உறுதிப்படுத்தத்தான் கேக்கிறவை.

மஞ்சள் பஸ்ஸில பெல்ட்டைத் தேடி அந்தரப்படாதேங்கோ. பெரும்பாலான பஸ்ஸில இராது. உயர்ந்த, மெத்தையான சீற்றை நெருக்கி வைச்சு, முட்டைப் பெட்டியில முட்டை இருக்கிற மாதிரிப் பிள்ளையளை இருத்திறதுதான் அதின்ர பாதுகாப்பு. எழும்பி நிக்க விடாமப் பாக்கிறது உங்கட வேலை.

இனி முக்கியமானது. உங்களிட்ட நாலைஞ்சு பிள்ளையள் தருவினம், அதில உங்கட மகளும் ஒண்டு. நான் முதல் தரம் போனபோது மகன்ர சப்பாத்துச் சேத்தில புதைஞ்சிட்டுது. குனிஞ்சு இழுத்து, துடைச்சு, திரும்பப் போட்டுவிட்டு நிமிர்ந்தா மூண்டு தலைதான் நிக்குது. நாலாவது ஆள் ஆட்டுப்பட்டி வேலிக்குள்ளால கையை விட்டு, ஒரு கிடாயின்ர கொம்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். இருபது அடி தூரம்தான், ஆனா எனக்குக் கால் நடுங்கிப்போச்சு. அதுக்குப் பிறகு வாசல், கக்கூசு, வைக்கோல் வண்டி, பஸ் எண்டு ஒவ்வொரு இடத்திலயும் எண்ணுவன். சப்பாத்தை அவையளே போடட்டும். இங்கத்தைப் பிள்ளையள் போடுவினம். ஊட்டிவிடவும் போகாதேங்கோ, ரீச்சருக்கு அது பிடிக்காது.

மற்றவையின்ர பிள்ளையைத் தனியாக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, ரீச்சரிட்டச் சொல்லுங்கோ. மற்றப் பிள்ளையளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில போடவும் கூடாது.

சாப்பாட்டில நான் விட்ட பிழை பெரிசு. கச்சான் கூடாதெண்டு தெரியும், அதால எள்ளுருண்டை கொண்டுபோய் என்ர நாலு பேருக்கும் நீட்டினன். ரீச்சர் ஓடிவந்து வாங்கி வைச்சிட்டா. எள்ளும் இங்க முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களில ஒண்டு. அப்ப முகம் சுண்டிப்போச்சு. பிறகுதான் சப்ரினா எண்ட 13 வயசுப் பிள்ளையின்ர கதை தெரியவந்தது. 2003இல பள்ளிக்கூடத்தில சாப்பிட்ட பிறகு ஒவ்வாமையால செத்துப்போச்சு. அந்தப் பிள்ளையின்ர பேரிலதான் ஒன்ராறியோவில 2005இல ஒவ்வாமை உள்ள பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில பாதுகாக்கிற சட்டம் வந்தது. யாருக்கு என்ன ஒவ்வாமை, எப்பிபென் எண்ட ஒவ்வாமை ஊசி ஆற்ற பையில எண்டு பஸ் ஏற முதலே கேளுங்கோ. தேவைப்பட்டா தொடையின்ர வெளிப்பக்கத்தில, காற்சட்டைக்கு மேலாலயே குத்தலாம். குத்திப்போட்டு உடனே 911க்கு அடியுங்கோ.

ஆட்டைத் தடவின கை அடுத்த நிமிசம் வாய்க்குள்ள போகும். சனிட்டைசர் காணாது, சவர்க்காரம் போட்டுக் கழுவப் பண்ணுங்கோ. தீனி குடுக்கேக்க விரலை மடக்காமல் உள்ளங்கையை விரிச்சு நீட்டச் சொல்லுங்கோ.

சுடிதாரோட போகாதேங்கோ, சேறு முழங்கால் மட்டும் வரும். றப்பர் பூட்ஸ், தடிச்ச ஜக்கெற். ஒக்ரோபர்க் காலைமையில ட்ராக்டர் இழுக்கிற வண்டியில இருந்தா காத்து காதைப் பிய்க்கும்.

கடைசியில ஆளுக்கொரு சின்னப் பூசணிக்காய் தருவினம். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பஸ்ஸில ஒண்டு உருண்டா எல்லாரும் அழத் தொடங்குவினம். கைப்பையில ஒரு கறுப்பு மார்க்கர் போட்டுக்கொண்டு போய், தோட்டத்திலயே பேரை எழுதிவிடுங்கோ.