பரிமாற்றத்தில் படிப்பதும் நேரடியாகச் சேர்வதும் ஒன்றா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவராகப் படிப்பதற்கும், நேரடியாகச் சேர்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சேர்ந்தால் கட்டணமும் அங்கே, பட்டமும் அங்கே. பரிமாற்றத்தில் பெரும்பாலும் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் கட்டுவீர்கள். பட்டமும் அதுவே தரும். இரு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் மாணவர்களை அனுப்பிக்கொள்வதால்தான் இது கட்டுப்படியாகிறது. இடங்கள் குறைவாக இருப்பதும் அதனால்தான். விசா, தங்குமிடம், காப்பீடு பொதுவாக உங்கள் செலவு.

கிரெடிட்டில், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிக் கணக்கில்தான், பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவின் இசிடிஎஸ் (ECTS) என்ற பொதுவான கிரெடிட் முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் உங்கள் துறையில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. அப்புறம், போன இடத்தில் பாடத்தை மாற்றினால் அன்றே மின்னஞ்சலில் ஒப்புதல் கேளுங்கள்.