பட்டாவில் வராத வில்லங்கம்: பழைய ஆலை நிலங்கள் குறித்த கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மூடிய ஆலைகள், பட்டறைகள், குப்பைமேடுகள் இருந்த இடங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் மண் மாதிரி எடுத்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர் வாசகி: அம்மா, பழைய பட்டறை இருந்த இடத்தில் மூன்று சென்ட் மலிவாக வருகிறது. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றன. வாங்கலாமா?

வில்லங்கச் சான்று, யார் யாருக்கு விற்றார்கள், யார் அடமானம் வைத்தார்கள் என்று சொல்லும். அந்த மண்ணில் யார் எதைக் கொட்டினார்கள் என்பது அதில் வராது. முதலில் அது என்ன பட்டறை என்று விசாரியுங்கள். பேட்டரி பட்டறை என்றால் ஈயம், முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியமும் நிக்கலும், லாரி செட் என்றால் டீசலும் கழிவு எண்ணெயும் இருக்கக்கூடும். பழைய பத்திரங்களை முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் படியுங்கள். 'தகரக் கொட்டகை, தொட்டி உட்பட' என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

அதைவிட முக்கியம், அங்கே வேலை பார்த்தவரைத் தேடுவது. ஒருமுறை மூடிய சாயப்பட்டறை ஒன்றில் எங்கே தோண்டுவது என்று தெரியாமல் நின்றோம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்து, கைத்தடியால் தரையில் கோடு இழுத்தார். "தொட்டி இங்கே, தண்ணீர் இப்படித் திரும்பி அந்த வேப்பமரத்தடியில் தேங்கும்" என்றார். மரத்தடியில் துளையிட்டோம். மேலே ஒரு சாண் செம்மண், அதன் கீழே கருநீலமாக ஈரச் சேறு. வரைபடம் எதிலும் அந்த வாய்க்கால் இல்லை.

நெல்லிக்குப்பம் வாசகர்: மண்ணைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாதா?

எண்ணெய் கசிந்திருந்தால் வாடை வரும். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் வாடையும் இல்லை, நிறமும் இல்லை. முகர்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம், உடம்புக்குக் கெடுதல்.

செம்மண்டலம் வாசகர்: மண் பரிசோதனை செய்துவிட்டேன் அம்மா. எல்லாம் 'நடுத்தரம்' என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

தம்பி, நீங்கள் வைத்திருப்பது உரப் பரிந்துரைக்கான அட்டை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு என்று அது சொல்லும். ஈயம், குரோமியம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், எண்ணெய்க் கழிவு ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இந்த ஒரு குழப்பத்தால் ஏமாந்த குடும்பங்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

மாதிரி எடுக்கும் முறையும் வேறு. வயலில் பல இடத்து மண்ணைக் கலந்து ஒரு பை கட்டுவோம். இங்கே அப்படிக் கலந்தால் ஒரு மூலையில் இருக்கும் நஞ்சு மற்ற நல்ல மண்ணில் கரைந்து, அறிக்கையில் காணாமல் போய்விடும். சந்தேகமான ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பை வேண்டும். மேலே அரை அடிக்குள் ஒன்று எடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் கை வைப்பது அங்கேதான். மூன்று அடியில் இன்னொன்று. கடலோர மணற்பாங்கில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பதில்லை, மேலே விழுந்தது சீக்கிரம் இறங்கிவிடும். ஆகையால் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

முதலியார்பேட்டை, ஆலைத் தொழிலாளியின் மகன்: அப்பா வேலை பார்த்த ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-ல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஆலை நிலங்களை வீடாகவோ பூங்காவாகவோ மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் 1898-ல் தொடங்கிய ஆலை என்பது ஒரே நிலம் அல்ல, பத்து நிலங்கள். நூற்புக் கூடம் இருந்த இடமும் சாயக்கூடம் இருந்த இடமும் ஒன்றாகாது. கொதிகலன் சாம்பல் கொட்டிய மூலை, எண்ணெய்த் தொட்டி, மின்மாற்றி நின்ற மேடை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை உடைந்து விழுந்த இடம் என ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்த பிறகுதான் எங்கே எது வரலாம் என்று பேச முடியும். அதிகம் கெட்ட மண்ணை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஓரளவு கெட்டதன் மேல் நிறத்துணி விரித்து, இரண்டடி நல்ல மண் மூடி, மேலே வாகன நிறுத்தமோ கிடங்கோ வைக்கலாம். பின்னாளில் தோண்டுகிறவருக்கு அந்தத் துணிதான் எச்சரிக்கை. பள்ளியும் விளையாட்டுத் திடலும் சுத்தமென்று உறுதியான இடத்தில் மட்டும்.

எவ்வளவு சுத்தம் போதும் என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்ய விடாதீர்கள். கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற அளவை எதிர்த்துச் சூழல் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். புதுச்சேரிக்கும் போராட்டம் புதிதல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த உழைப்பாளிகளின் வாரிசுகள் வாழும் தெருக்களுக்குத்தான் ஆலை நிலங்கள் மேல் முதல் உரிமை என்று நான் நம்புகிறேன். சுத்தம் செய்து முடித்ததும் வாடகை ஏறி, அவர்களே வெளியேற நேர்ந்தால் அது அநியாயம்.

கடலூர் வாசகர்: சட்டத்தில் வழி உண்டா?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த நிலங்களுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. சந்தேக இடங்களின் பட்டியலை உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். பட்டியலில் ஏறுவதுதான் முதல் படி. உங்கள் பகுதி சபையில் புல எண்ணோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கம்மியம்பேட்டை வாசகி: குப்பைமேட்டு நிலத்துக்கும் அதே விதிதானா?

பொதுவாக இல்லை, அதற்குத் திடக்கழிவு விதிகள். மண் போட்டு மூடிய குப்பைமேட்டில் 15 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகே குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றது 2016-ஆம் ஆண்டு விதி. உள்ளே மீத்தேன் வாயு ஊறிக்கொண்டே இருக்கும். குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றிவிட்டாலும், கழிவுநீர் இறங்கிய அடிமண்ணைச் சோதிக்காமல் வீடு கட்ட வேண்டாம்.

வில்லியனூர் வாசகர்: வெட்டிவேரும் சூரியகாந்தியும் நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

ஓரளவு உறிஞ்சும், பல ஆண்டுகள் பிடிக்கும். உறிஞ்சிய நஞ்சு செடியிலேயே தங்கும். அதை ஆட்டுக்குப் போட்டாலோ எரித்தாலோ நஞ்சு வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. கீரை வேண்டுமென்றால் தொட்டியில் நல்ல மண் நிரப்பிப் போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: சோதனை கேட்டால் மனை விலை விழுந்துவிடும் என்று தெருவில் எல்லோரும் என் மேல் கோபப்படுகிறார்கள் அம்மா.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பே அந்த இரண்டு சென்ட்தான். அதனால் தனியாகப் போகாதீர்கள். தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளோடு பேசி, நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து மனு கொடுங்கள். வீட்டு மனையில் தொடங்காமல், தெருப் பொதுக் குழாயையும் பிள்ளைகள் விளையாடும் காலி இடத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் யார் மனையின் பெயரும் வராது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மாதிரி, மழை ஓய்ந்து தை பிறந்ததும் இன்னொரு மாதிரி. 2015 வெள்ளம் போல ஒன்று வந்து போனால் பழைய அறிக்கையை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.