பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வேலைக்குக் குட்டி யானையா, ஈக்கோவா?

கேள்வி: கோவையில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு இரண்டு பையன்கள். பெரும்பாலும் வீடுகளில் பழுது பார்க்கும் வேலை. வருடத்துக்கு நாலைந்து புது வீட்டு கான்ட்ராக்ட்டும் வரும். இதுவரை பைக், வாடகை லோடு வண்டி என்று சமாளித்துவிட்டேன். நண்பர்கள் டாடா ஏஸ் வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு மாருதி ஈக்கோ கார்கோ வேன் போதும் என்று தோன்றுகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: ஈக்கோவையே எடுங்கள்.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2005-இல் வந்த ஏஸ், குட்டி யானை என்று பெயர் வாங்கும் அளவுக்கு நம் ஊர்ச் சந்துகளில் உழைத்த வண்டி. சுமார் 750 கிலோ தாங்கும், மூன்று பக்கமும் திறந்து ஏற்றலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஈக்கோவுக்குள் நுழைக்கவே முடியாது. ஏஸில் தூக்கி வைத்துக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் தொட்டி ஏற்றும் நாள் மாதத்தில் எத்தனை? பழுது பார்க்கும் தொழிலில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நீங்கள் மாடியில் பைப் லைனைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், செம்பு வயர் சுருள் எல்லாம் கீழே தெருவில் இருக்கும். திறந்த வண்டி என்றால் ஒரு பையனைக் காவலுக்கு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி, காலையில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு சுருள் வயரே ஆயிரக்கணக்கில் விலை போகிறது. தார்ப்பாய்க்குப் பூட்டு கிடையாது. ஐப்பசி மழையில் அந்தத் தார்ப்பாயை வீட்டுக்கு வீடு அவிழ்த்துக் கட்டுவது தனி வேலை. வேனில் கதவைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். உள்ளே ஷெல்ஃப் அடித்து எல்போ, டீ மாதிரி பைப் இணைப்புகள், ஸ்விட்ச் எல்லாம் டப்பாவில் பிரித்து வைத்தால், ஒரு வாஷருக்காகக் கடைக்கு ஓடுவது பாதியாகக் குறையும்.

"நீளமான பைப்புக்கு என்ன செய்வது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஏஸின் தளம் சுமார் 7 அடி. 20 அடி பி.வி.சி. பைப் அதிலும் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அனுமதித்த அளவைத் தாண்டி லோடு நீட்டினால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். ஈக்கோவின் மொத்த நீளம் 12 அடி. மேலே கேரியர் போட்டால் 10 அடி பைப் வண்டிக்குள் அடங்கிய நீளத்தில் படுத்துவிடும். 20 அடி பைப்பும் தொட்டியும் வேண்டிய நாளில் வாடகை லோடு வண்டியைக் கூப்பிடுங்கள், அல்லது பைப் கடைக்காரரையே சைட்டில் இறக்கித் தரச் சொல்லுங்கள்.

காகித வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் மஞ்சள் போர்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் பெர்மிட் வேண்டாம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம். கார் லைசென்ஸே போதும். உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அதை உறுதி செய்துவிட்டது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஐந்து சீட் ஈக்கோவுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, அதனால் கார்கோ என்று கேட்டு வாங்குங்கள்.

சும்மா நிற்கும் நாளில் ஏஸை வாடகைக்கு விடலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சொந்தச் சரக்குக்கு என்று இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்தின்போது கிளெய்ம் சிக்கலாகும். தவிர, நீங்கள் பிளம்பிங் பார்ப்பீர்களா, லோடு அடிப்பீர்களா?

வேனில் குறைகளும் உண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தின்னர், பைப் ஒட்டும் சொல்யூஷன் வாடை உங்கள் மூக்குக்கே வரும். டப்பாவை இறுக்கி மூடுங்கள், வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிரேக் அடித்தால் சாமான் முன்னால் பாயாதபடி சீட்டுக்குப் பின்னால் உறுதியான தடுப்பு இருக்க வேண்டும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்க இடம் விடாமல் ஷெல்ஃப் அடித்துவிட்டு மெக்கானிக்கிடம் திட்டு வாங்குபவர்கள் உண்டு.

இன்னொன்று, இரண்டு வண்டியிலும் சீட் இரண்டுதான். மூன்றாவது ஆள் பைக்கில் வரட்டும். சாமானோடு பின்னால் உட்கார வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

உங்கள் வேலையில் புது வீட்டு கான்ட்ராக்ட் பாதிக்கு மேல் போய், ஆட்களும் கூடினால் அப்போது வேறு கணக்கு. அந்த நிலையில் ஏஸைத் தாண்டி, ஆட்கள் உட்காரப் பின் சீட்டும் அதற்குப் பின்னால் திறந்த தளமும் உள்ள மஹிந்திரா பொலேரோ கேம்பர் மாதிரி வண்டியைப் பாருங்கள்.