மல்லாந்து தாண்டியவரும் உங்கள் வீட்டுக் கிரைண்டர் மோட்டாரும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு மூன்று பாடங்களில் அரியர் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, கிரைண்டர் மோட்டாரை அவர் கழற்றிக்கொண்டு போனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எது பெரிய சண்டை என்று புரிந்தது.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. நிலக்கடலைச் செடியிலிருந்து காயைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்க்கிறார். சந்தையில் இருப்பது போல் இல்லாமல் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருக்கிறார் என்று கல்லூரியில் சிரித்தார்களாம். ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். “தடுப்பதா, விடுவதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக ஒரு கதை வைத்திருந்தேன். பள்ளி ஆண்டு விழாக்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அதைக் கேட்ட மாணவர் ஒருவர் இரண்டு வருடம் கழித்து என்னைத் தேடி வந்தார். “நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாரும் போகும் வழியை விட்டுவிட்டேன் சார்” என்றார். கல்லூரியை விட்டிருந்தார், கையில் கடன் இருந்தது, செய்ததாகக் காட்ட எதுவும் இல்லை. கதையை நான் பாதி சொல்லி நிறுத்தியிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. உங்களுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரில் வளர்ந்தவர் டிக் ஃபாஸ்பரி, 1947-இல் பிறந்தவர். பள்ளியில் உயரம் தாண்டுவார், ஆனால் சுமார்தான். அந்தக் காலத்தில் கம்பிக்கு மேலே வயிறு கீழே பார்க்கும்படி புரண்டு தாண்டுவதுதான் முறையான வழி. பயிற்சியாளர் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். பையனுக்கு வரவில்லை. சின்ன வயதில் பழகிய கத்தரி முறையில், அதாவது ஒரு காலை வீசி மறு காலை இழுத்துக்கொள்ளும் பழைய பாணியில், தாண்டிக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டான். பயிற்சியாளரும் சரி என்றார். இது 1963-இல், பையனுக்கு 16 வயது.

கத்தரி முறையில் கம்பியைத் தட்டிவிடுவது பெரும்பாலும் பிட்டம்தான். அன்றைய போட்டியில் கம்பி ஏற ஏற, அது படாமலிருக்க இடுப்பைத் தூக்கினான். இடுப்பு எழும்பியதும் தோள் தானாகப் பின்னால் சாய்ந்தது. அடுத்த உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். 5 அடி 4 அங்குலத்தில் திணறிக்கொண்டிருந்தவன் அன்று 5 அடி 10 அங்குலத்தைத் தாண்டி இறங்கினான். ஒரே மாலையில் அரை அடி! மற்றப் பள்ளிகளின் பயிற்சியாளர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒற்றைக் காலில் எம்ப வேண்டும் என்று இருந்ததே தவிர, மல்லாந்து போகக் கூடாது என்று எங்கும் இல்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஓடிவரும் பாதையை வளைத்தான், முதுகை முழுதாகக் கம்பி பக்கம் திருப்பினான். படகில் விழுந்த மீன் துள்ளுவது போல் இருக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகை கிண்டல் செய்தது. அந்தக் கிண்டலிலிருந்தே ‘ஃபாஸ்பரி ஃப்ளாப்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது (ஆங்கிலத்தில் ‘ஃப்ளாப்’ என்றால் தொப்பென்று துள்ளி விழுவது). இன்று நம் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும் அந்தப் பெயரில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உங்கள் மகன் மெக்கானிக்கல் என்பதால் இதைச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். இடுப்பு கம்பிக்கு மேலே இருக்கும் நொடியில் தலையும் தோளும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருக்கும். கால்கள் இந்தப் பக்கம் இன்னும் தாழ்வாகத் தொங்கும். உடல் வில்லாக வளைவதால் அதன் ஈர்ப்பு மையம், அதாவது உடலின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, கம்பிக்குக் கீழேயே போய்விட முடியும். எம்பும் வலிமை அதே அளவாக இருந்தாலும் கூடுதல் உயரத்தைத் தாண்டலாம். ஃபாஸ்பரி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தாண்டவில்லை. தாண்டிய பிறகு மற்றவர்கள் போட்ட கணக்கு இது.

1968 அக்டோபர் 20, மெக்சிகோ நகர ஒலிம்பிக். காலுக்கு ஒரு நிறமாகக் காலணி. ஓடத் தொடங்குமுன் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருப்பார். 2.22 மீட்டர் வரை எல்லா உயரத்தையும் முதல் முயற்சியிலேயே தாண்டினார். 2.24-இல் இரண்டு முறை கம்பி விழுந்தது. மூன்றாவது முயற்சியில் தாண்டித் தங்கம், கூடவே ஒலிம்பிக் சாதனை. அதன் பிறகும், இதைப் பார்த்துத் தாண்டுகிற பிள்ளைகள் கழுத்தை முறித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்க அணியின் பயிற்சியாளரே அஞ்சினார்.

விழாக்களில் நான் இங்கேதான் நிறுத்துவேன், கைதட்டலும் இங்கேதான் விழும். நான் விழுங்கிய பாதி இனிமேல் வருகிறது.

ஃபாஸ்பரி படித்தது ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், சிவில் பொறியியல். அங்கே பயிற்சியாளர் பெர்னி வாக்னர் முதலில் பழைய முறைக்கே திருப்பப் பார்த்தார். பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பயிற்சியில் பழைய முறை, போட்டியில் உன் முறை. இரண்டாம் ஆண்டில் பையன் 6 அடி 10 அங்குலம் தாண்டியதும் வாக்னர் படம் பிடித்துப் பார்த்தார். அதோடு வாதம் முடிந்தது. வாதத்தை முடித்து வைத்தது பையனின் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. கம்பி ஒன்று இருந்தது, விழுகிறதா நிற்கிறதா என்று இருவருக்கும் ஒரே மாதிரி தெரிந்தது.

உங்கள் மகனிடம் அப்படி ஒரு கம்பி இருக்கிறதா? ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ காய் பிரிகிறது, நூறு காயில் எத்தனை உடைகிறது, எத்தனை செடியிலேயே தங்கிவிடுகிறது, எத்தனை யூனிட் மின்சாரம், உங்கள் ஊரில் கையால் ஆய்வதற்கு என்ன கூலி? இவற்றைத் தேதி போட்டு எழுதிய நோட்டு அவரிடம் இருந்தால் அவர் தாண்டிக்கொண்டிருக்கிறார், விடுங்கள். இல்லாவிட்டால் விளையாடிக்கொண்டிருக்கிறார். அதிலும் தவறில்லை, ஆனால் அதற்காக அரியர் வைக்கக் கூடாது.

சிரித்தவர்களை எதிரியாக்கிக்கொள்ளவும் வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 40 பேரில் 28 பேர் மல்லாந்து தாண்டினார்கள். ஆனால் தங்கம் போனது பழைய முறையில் தாண்டிய யூரி தார்மாக்குக்கு. ஃபாஸ்பரி அந்த ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. உலக சாதனையும் அவர் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை. 1978-இல் கூட விளாடிமிர் யாஷ்சென்கோ பழைய முறையிலேயே 2.34 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்தார். பழைய இயந்திரம் ஏன் அப்படி இருக்கிறது என்று சிரித்த ஆசிரியரிடமே போய் உங்கள் மகன் கேட்கட்டும். நிலக்கடலை பிரிக்கும் கருவிகள் ஏற்கெனவே பல வகை உண்டு. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை இயந்திரப் பிரிவுக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே தன்னுடையதைப் போலவே ஒன்று இருந்தால் மனம் சோர்வார்தான். மோட்டாரைக் கழற்றுமுன் போயிருக்கலாம், போகட்டும்.

இன்னொன்று, மெத்தை. மணலிலும் மரத்தூளிலும் விழுந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டு காலில் இறங்கினால்தான் பிழைக்கலாம். கம்பிக்கு அப்பால் நுரை மெத்தை வந்த காலமும் ஃபாஸ்பரியின் காலமும் ஒன்று. கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமி ஏறத்தாழ அதே சமயத்தில், ஃபாஸ்பரியைப் பார்க்காமலேயே, இதே போல் மல்லாந்து தாண்டப் பழகினார். பண்ணையில் அவர் விழுவதற்கு நுரைத் துண்டுகளால் மெத்தை செய்து போட்டவர் அவருடைய அப்பா. 1970-இலும் 1982-இலும் காமன்வெல்த் தங்கம் வென்றார் அந்தப் பெண். எனக்கு ஃபாஸ்பரியைவிட இந்த அப்பாவைப் பிடிக்கும். ‘விழுந்தால் என்ன ஆகும்’ என்ற கவலையை அவர் ஒரு வேலையாக மாற்றிக்கொண்டார்.

உங்கள் வீட்டு மெத்தை எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு ரூபாய் வரை, அடுத்த வருடம் ஜூன் வரை என்று ஒரு தொகையும் ஒரு தேதியும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அந்தப் பேச்சிலேயே கொண்டுவராதீர்கள். காப்புரிமை கேட்பதாக இருந்தால், தனிநபர் தற்காலிக விண்ணப்பத்தை இணையத்தில் 1,600 ரூபாய் கட்டணத்தில் தாக்கல் செய்யலாம். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வயதில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான்.

அரியர் விஷயம். தங்கம் வாங்கித் திரும்பிய ஃபாஸ்பரி விருந்துகளிலும் விழாக்களிலும் திரிந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டார். ஒலிம்பிக் சாம்பியன் என்று பொறியியல் துறை தயவு பார்க்கவில்லை, இடம் பறிபோனது. பேசி, கெஞ்சி மறுபடி சேர்ந்து, 1972-இல் சிவில் பொறியியல் பட்டம் வாங்கினார். பிறகு ஐடஹோ மாநிலத்தில் பொறியாளராக வேலை பார்த்துத்தான் வாழ்ந்தார். 2023 மார்ச்சில் இறந்தார். உலகமே தாண்டுகிற முறையை மாற்றியவருக்குச் சோறு போட்டது சிவில் பட்டம். மைத்துனருக்கு இதைச் சொன்னால் மகிழ்ச்சியடைவார்.

ஆகவே இந்தப் பருவத்தில் இரண்டு அரியரையாவது முடிக்கட்டும். சனி, ஞாயிறு இயந்திரத்துக்கு, மற்ற நாள் மாலை பாடத்துக்கு. வாக்னர் செய்துகொண்டது போன்ற ஏற்பாடுதான். மகனை ஒரு சனிக்கிழமை என்னிடம் அழைத்து வாருங்கள். நோட்டு இருந்தால் நோட்டோடு வரட்டும், இல்லையென்றால் நான்கு வாரம் எழுதிவிட்டு வரட்டும். இயந்திரத்தைத் தூக்கி வர வேண்டாம், என் அலுவலகம் மாடியில் இருக்கிறது.

நீங்கள் பேசி முடிவு செய்யும் தொகையில் பழைய மோட்டார் ஒன்றின் விலையையும் சேர்த்துவிடுங்கள். கிரைண்டர் மோட்டார் கிரைண்டருக்கே திரும்பட்டும். இல்லாவிட்டால் கடையில் மாவு வாங்கும் செலவு கணக்கில் வராமல் போய்விடும், அதோடு உங்கள் வீட்டு அம்மாவின் கோபத்தை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதனையும் நடக்காது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்