கேள்வி–பதில்: பிராக் நகரத்துப் பூனை

கார்ட்டூன் தயாரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

'டாம் அண்ட் ஜெர்ரி'யில் சில படங்கள் மட்டும் விசித்திரமாக இருக்கின்றன. டாமின் முகமே வேறு. சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலிக்கிறது. இவை டூப்ளிகேட்டா? (வாசகர், திருச்சி)

டூப்ளிகேட் இல்லை. எம்ஜிஎம் கம்பெனியே வெளியிட்ட அசல் படங்கள்தாம். வரைந்த ஊர்தான் வேறு. வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பராவும் 1940 முதல் 1958 வரை ஹாலிவுட்டில் செய்து வெளிவந்தவை 114 படங்கள். 1957-லேயே எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடிவிட்டது. பழைய படத்தைத் தூசி தட்டித் தியேட்டருக்கு விட்டாலே புதுப்படத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான வசூல் வருகிறதே, புதிதாக எதற்கு வரைய வேண்டும் என்ற கணக்கு. சில வருடங்களில் புதுப்படங்கள் வேண்டும் என்று தோன்றியபோது கையில் ஆளும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. வேலை நியூயார்க்கின் ரெம்பிராண்ட் ஃபிலிம்ஸ் அதிபர் வில்லியம் ஸ்னைடருக்குப் போனது. அவருடைய இயக்குநர் ஜீன் டைச், செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக்கில் உட்கார்ந்து 1961, 62-ல் 13 படங்கள் முடித்துக் கொடுத்தார். நீங்கள் பார்த்தது அவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பழைய படங்களின் முடிவில் வரும் 'மேட் இன் ஹாலிவுட், யு.எஸ்.ஏ.' வரி இவற்றில் கிடையாது. பெயர்ப் பட்டியலில் இசைக்கு நேரே 'ஸ்டீவன் கோனிசெக்' என்று வரும். அவர் ஷ்டெபான் கொனீசெக்; அமெரிக்கக் கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கப் பெயருக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கிணற்றுச் சத்தத்துக்குப் பொறுப்பு டாட் டாக்ஸ்டேடர். ஒலிநாடாவை வெட்டி ஒட்டி மின்னிசைப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்த அமெரிக்கர். இன்னொன்றும் கவனியுங்கள். பழைய படங்களில் வாலில் சூடு பட்டதும் டாம் போடும் அந்த உலகப் புகழ் அலறல், ஹன்னாவின் சொந்தத் தொண்டை. பிராக் படங்களுக்குக் குரல் ஆலன் ஸ்விஃப்ட். அலறல் மாறினாலே பூனை பாதி மாறிவிடுகிறது.

அமெரிக்காவுக்கும் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கும் பனிப்போர் நடந்த நேரத்தில், போயும் போயும் பிராக்கிலா கொடுத்தார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

காசுதான். ஒரு படத்துக்குச் சுமார் 10,000 டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஹாலிவுட்டில் அந்தத் தொகைக்கு முழு அனிமேஷன் நடக்காது. பிராக்கில் ஸ்டூடியோ அரசாங்கச் சொத்து, வரைபவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், அரசுக்கோ டாலர் தேவை. தரத்திலும் குறைவில்லை. 1945-ல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் பெயர் 'பிராட்ரி வ் திரிகு'. செக் மொழியில் அதற்கு 'தந்திரக்கார அண்ணன் தம்பிகள்' என்றும் 'பனியன் போட்ட அண்ணன் தம்பிகள்' என்றும் பொருள் கொள்ளலாம். அதனால் சின்னத்திலும் கோடு போட்ட பனியனோடு மூன்று பையன்கள் நிற்பார்கள்.

டைச் 1959 அக்டோபரில் பத்து நாள் வேலை என்று சொல்லித்தான் போனார். அங்கே தயாரிப்பு நிர்வாகியாக இருந்த ஸ்டெங்காவைச் சந்தித்தார், பிற்பாடு கல்யாணமும் செய்துகொண்டார். 2020 ஏப்ரலில் இறக்கும்வரை பிராக்தான் அவர் ஊர். அங்கே உருவான 'மன்ரோ' என்ற குறும்படத்துக்கு 1961-ல் ஆஸ்கரும் வந்தது. மலிவு வேலை மட்டம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

ஒரு படத்தை வெளிநாட்டு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது கையில் என்னென்ன கொடுத்து அனுப்புவார்கள்? கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய முறையைச் சொல்லுங்கள். (அனிமேஷன் மாணவி, கோவை)

ஸ்டோரிபோர்டு (கதையை வரிசையாகச் சொல்லும் படங்கள்), மாடல் ஷீட் (பாத்திரத்தின் தோற்றத்தைக் காட்டும் தாள்), லே-அவுட் (ஷாட்டில் எது எங்கே என்ற வரைபடம்), பதிவு செய்த ஒலிநாடா, எக்ஸ்போஷர் ஷீட், கலர் மாடல் (நிற மாதிரி). இவை எல்லாவற்றிலும் எஜமான் எக்ஸ்போஷர் ஷீட்தான். நீளமான தாள், ஒரு வரி ஒரு ஃப்ரேம், அதாவது பிலிமில் ஒரு சட்டம்; விநாடிக்கு 24. 96 வரித் தாள் என்றால் 4 விநாடி. ஓரத்தில் செயல் குறிப்பு, பக்கத்தில் வசனம், நடுவில் செல் (பாத்திரத்தை வரைந்து பின்னணி மேல் வைக்கும் ஒளிபுகும் தாள்) அடுக்குகளுக்கு நான்கைந்து பத்தி, கடைசியில் கேமராமேனுக்கான குறிப்பு.

வசனப் பத்தியில் எழுத்தை எழுதக் கூடாது, ஒலியை எழுத வேண்டும். வரைபவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று வைத்துக்கொண்டே நிரப்புங்கள். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்துப்படி கொடுத்தால், உச்சரிக்கவே படாத முதல் 'கே'க்கும் ஒரு வாய் வரைந்து அனுப்பிவிடுவார்கள். ப, ம போன்ற உதடு ஒட்டும் ஒலிகளுக்கு வாய் மூடிய படம் குறைந்தது 2 ஃப்ரேம் நிற்க வேண்டும். ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னாலேயே மூடிவிட்டால் இன்னும் நல்லது.

செயலுக்கும் அப்படித்தான். 'சம்மட்டியால் அடிக்கிறான்' என்று எழுதி, அடி விழும் ஃப்ரேமை மட்டும் குறித்தால் போதாது. ஓங்குவதற்கு 10, ஓங்கிய நிலையில் நிற்க 6, இறங்க 2, நசுங்கிய தலை அப்படியே நிற்க 8 என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த 26 ஃப்ரேமையும் சமமாகப் பங்குபோட்டு, அடியைத் தடவலாக்கி விடுவார்கள். இசைக்கும் கணக்கு உண்டு: 12 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு, 8 ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் 180.

துளையையும் மறக்காதீர்கள். தாளை மேஜையில் பிடித்து நிறுத்தும் பெக் முளைகள் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்க 'ஆக்மி' முறையில் நடுவே ஒரு வட்டம், இரு புறமும் தட்டையான துளை. போகிற இடத்தில் வேறு முறை என்றால் லே-அவுட்டையெல்லாம் மறுபடி துளையிட வேண்டும், அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கதை முடிந்தது. 12 அங்குல அகலப் படம் 6 மீட்டர் திரையில் 20 மடங்கு பெருகுகிறது; அரை மில்லிமீட்டர் அங்கே ஒரு சென்டிமீட்டர் ஆட்டம்.

பின்னணி நகரும் வேகத்தை நீங்கள் அங்குலத்தில் எழுத, அங்கே கேமரா மில்லிமீட்டரில் இருக்கும். ஃப்ரேமுக்குக் கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. என்று நீங்களே மாற்றி எழுதிவிடுங்கள். கலருக்குப் பெயரோ நம்பரோ எழுதாமல், பெயின்ட் பூசிய செல் துண்டையே அனுப்ப வேண்டும், ஏனென்றால் பெயின்ட் கம்பெனியும் மாறிவிடும். கடைசியாக ஒன்று: பென்சில் டெஸ்டை (பென்சில் ஓவியங்களை மட்டும் படமெடுத்து ஓட்டுவது) பார்த்து ஒப்புதல் தரும்வரை ஒரு செல்லுக்கும் மை தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கலர் பூசிய பிறகு திருத்தம் என்றால் பாதிப் படத்தை மறுபடி செய்த மாதிரி.

ஆறரை நிமிடப் படத்துக்கு எத்தனை படம் வரைய வேண்டும்? (வாசகர், சேலம்)

390 விநாடி, விநாடிக்கு 24. ஆக 9,360 ஃப்ரேம், 35 மி.மீ. பிலிமில் 585 அடி. ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் வீதம் எடுத்தால் 4,680 நிலைகள். பூனையும் எலியும் தனித்தனிச் செல் என்றால் இது ஏறும். அசையாமல் நிற்கும் இடங்களில் இறங்கும்.

அப்படி எடுத்த சில படங்களில் பாத்திரம் நடக்கும்போது கால் தரையில் வழுக்குகிறது; சில ஷாட்டில் பின்னணி திடீரென்று மங்குகிறது. ஏன்? (வாசகி, பாண்டிச்சேரி)

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். நடக்கும் பாத்திரத்தை இரண்டிரண்டு ஃப்ரேமாக எடுத்து, பின்னணியை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்த்தினால், தரை நகர்ந்த பாதி நேரம் கால் நகராமல் நிற்கும். அதுதான் வழுக்கலாகவும் நடுக்கமாகவும் தெரிகிறது. கால் தரையில் பதியும் ஷாட்டுகளிலாவது ஃப்ரேமுக்கு ஒரு படம் வரைந்தாக வேண்டும். செலவு இரட்டிப்பு என்பதால் முதலில் கத்தரி விழுவதும் இங்கேதான்.

மங்கல் வேறு விஷயம். செல் என்பது கண்ணுக்குத்தான் கண்ணாடி. ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். மூன்று செல் கிடந்த இடத்தில் ஜெர்ரி வெளியே ஓடியதும் அவன் செல்லை எடுத்துவிட்டால், அடியிலிருக்கும் பின்னணி சட்டென்று பளிச்சிடும். திரும்பி வந்தால் மங்கும். அவன் போன பிறகும் ஒரு வெற்றுச் செல்லை அந்த இடத்தில் போட்டு, ஷாட் முழுக்க எண்ணிக்கையை மாற்றாமல் வைத்திருப்பதே வழி. அடியில் கிடக்கும் செல்லுக்குப் பெயின்டை ஒரு படி வெளிறலாகக் கலக்கவும் வேண்டும். இல்லையென்றால் ஒரே டாம், ஷாட்டுக்கு ஷாட் வேறு சாம்பல் நிறத்தில் திரிவான்.

செக் ஓவியர்களுக்கு டாமை வரையத் தெரியவில்லை என்பதுதானே உண்மை? (வாசகர், மதுரை)

இந்தப் பழியை நாங்கள் ஏற்கவில்லை. ஹன்னா குழு ஒரே கட்டடத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் அதே பூனையை வரைந்தது. டாம் எத்தனை ஃப்ரேம் முழித்துவிட்டு ஓட வேண்டும் என்பது அவர்கள் விரலில் ஊறிய விஷயம்; அது எந்த மாடல் ஷீட்டிலும் இல்லை. பிராக் குழு பார்த்திருந்த பழைய படங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பட்ஜெட்டும் சிறிது. எல்லாவற்றுக்கும் மேலே டைச்சுக்கே 'டாம் அண்ட் ஜெர்ரி'யின் அடிதடி பிடிக்காது. அவர் தட்டையான நவீனக் கோடுகளை விரும்பிய யுபிஏ என்ற அமெரிக்க ஸ்டூடியோவின் பள்ளியிலிருந்து வந்தவர். சமையல்காரருக்கே பிடிக்காத குழம்பு, சட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் டிவியில் போட்டால் இந்தப் படங்கள் சில விநாடி குறைகின்றனவே, வெட்டுகிறார்களா? (வாசகர், ஈரோடு)

வெட்டாமலேயே குறையும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம். 24-ஐ 25 ஆக ஓட்டினால் 6 நிமிடப் படம் 5 நிமிடம் 46 விநாடியில் முடியும். சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும்.

பிராக் தவிர வேறு எங்கெல்லாம் இப்படிப் போனது? (வாசகர், வேலூர்)

அதற்கு முன்பே லண்டன். ஹாலஸ் அண்ட் பேச்சலர் ஸ்டூடியோ 1954-ல் முடித்த 'அனிமல் ஃபார்ம்' அமெரிக்கப் பணத்தில் எடுத்தது, பணத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இருந்தது பிறகு வெளிவந்தது. 1960 வாக்கில் கிங் ஃபீச்சர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி டிவிக்காக 220 'பாப்பாய்' படங்களை அவசர அவசரமாகப் பல கைகளில் பிரித்துக் கொடுத்தபோது ஸ்னைடருக்கும் ஒரு பங்கு வந்தது. அது பிராக், லண்டன் என்று சிதறியது. ஒரே பாப்பாய்க்கு ஊருக்கு ஒரு தாடை.

டிஸ்னி வேறு வழி பிடித்தது. பாரிஸில் பிரிஸ்ஸி சகோதரர்களின் ஸ்டூடியோவை 1989-ல் தானே வாங்கிக்கொண்டது. 'டக்டேல்ஸ்' திரைப்படம் (1990), 'எ கூஃபி மூவி' (1995) இரண்டிலும் அவர்கள் கை பெரிது. 1999-ல் வந்த 'டார்ஜான்' படத்தில் டார்ஜானைக் க்ளென் கீன் பாரிஸிலிருந்தும், ஜேனைக் கென் டங்கன் கலிஃபோர்னியாவின் பர்பாங்கிலிருந்தும் வரைந்தார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கும் ஷாட்டில் ஓவியங்களை ஸ்கேன் செய்து கடல் தாண்டி அனுப்பி, விரல் மேல் விரல் பொருந்துகிறதா என்று இரண்டு ஊரிலும் பார்த்துக்கொண்டார்கள். பாரிஸில் விடியும்போது பர்பாங்கில் முந்தைய நாள் இரவு, ஒன்பது மணி நேர வித்தியாசம்.