கப்பல் ஏறும் நாளில் பெட்டி எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலேறும் குடும்பங்கள் இப்போது நிறைய. பயணச்சீட்டு, விசா எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். பெட்டி விஷயத்தைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில்லை. அது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் இருவர். சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டரில் ஏறி மூன்று இரவுப் பயணம். விமானத்தைப் போலவே கப்பலிலும் பெட்டியை எடை போட்டுத்தான் வாங்குவார்களா? – வாசகி, கும்பகோணம்

பதில்: துறைமுகத்தில் பொதுவாகத் தராசு கிடையாது. எத்தனை கிலோ என்று கணக்குப் பார்க்கப்போவது உங்களை ஏற்றிப்போகும் விமான நிறுவனம்தான்.

கப்பலில் கவனிக்க வேண்டியது பெட்டியைக் கொடுக்கும் வரிசை. டெர்மினலில் இறங்கியதும் முதல் வேலையே பெரிய பெட்டிகளைப் போர்ட்டர்களிடம் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் பாதுகாப்புச் சோதனை, செக்-இன், குடிநுழைவு (இமிக்ரேஷன்). அதாவது பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லும்போது பெட்டி உங்கள் கையில் இருக்காது. பாஸ்போர்ட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சூட்கேஸின் மேல் ஜிப்பில் வைத்துவிட்டுக் கவுன்டரில் நின்று திகைப்பவர்கள் உண்டு. பெட்டிகளை இரும்புக் கூண்டு வண்டிகளில் அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட் வைத்துக் கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மூவாயிரம் நாலாயிரம் பேர் ஏறும் கப்பலில் ஒரு பெட்டியைத் தேடி எடுப்பது லேசான காரியமில்லை. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் மூடிவிடும். உங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

நண்பகலில் பெட்டியைக் கொடுத்தால், அது உங்கள் கேபின் வாசலுக்கு வரப் பிற்பகல் ஆகலாம், இரவு எட்டு ஒன்பது மணியும் ஆகலாம். கேபினையே மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத்தான் திறந்துவிடுவார்கள். அந்த எட்டொன்பது மணி நேரத்துக்குத் தேவையான அத்தனையும் ஒரு தோள்பையில் இருக்க வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட், விசாத் தாள், கப்பல் போர்டிங் பாஸ், கிரெடிட் கார்டு, நகை, போன் சார்ஜர், அன்றைய மாத்திரைகள் முழுவதும். குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சலுடை (ஏறின உடனே குளத்தைப் பார்த்துவிடுவார்கள், பெட்டி வரும்வரை பொறுக்க மாட்டார்கள்). பெரியவர்களுக்கு ஒரு சால்வை அல்லது ஸ்வெட்டர், ஏசி குளிரும். இந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் சாப்பிடவும் கப்பலைச் சுற்றிப் பார்க்கவும் போவீர்கள். ஐந்தாறு கிலோவுக்குள் வையுங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரில் சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். ஆறு பேருக்குப் பெரிய வண்டி கேட்டாலும் ஆறு பெரிய சூட்கேஸ் அதில் அடங்காது. மூன்று இரவுக்கு மூன்று நடுத்தரப் பெட்டி தாராளம். மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே வரலாம் என்பது உண்மைதான். ஆனால் குழந்தைகளையும் பெட்டிகளையும் அந்த வெயிலில் இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

கேள்வி: லக்கேஜ் டேக்கை நாமே பிரிண்ட் எடுக்க வேண்டுமாமே? எப்படிக் கட்டுவது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆமாம். ஆன்லைன் செக்-இன் முடித்ததும் ஏ4 தாளில் அச்சிடும்படி டேக் வரும். கப்பல் பெயர், தேதி, உங்கள் பெயர், கேபின் எண் அதில் இருக்கும். தாளில் கோடு போட்டிருக்கும் இடத்தில் மடித்து, மடித்து, கடைசியில் நீளமான ஒரு பட்டை போல வர வேண்டும். பெயரும் கேபின் எண்ணும் வெளிப்பக்கம் தெரிய வேண்டும். அந்தப் பட்டையைப் பெட்டியின் கைப்பிடிக்குள் நுழைத்து, இரு முனைகளையும் சேர்த்து மூன்று நாலு ஸ்டேப்ளர் ஊசி அடியுங்கள். அதன்மேல் செல்லோடேப்பை ஒரு சுற்று அகலமாக ஒட்டுங்கள். செல்லோடேப் மட்டும் போதாது. சிங்கப்பூர் ஈரக்காற்றில் தாள் நைந்து ஒட்டு விட்டுப்போகும். கட்டவேண்டியது மேல் கைப்பிடி அல்லது பக்கக் கைப்பிடியில். இழுத்து நீட்டும் கம்பியில் கட்டினால், கம்பியை உள்ளே தள்ளும்போது டேக் நசுங்கிக் கிழியும்.

வீட்டிலேயே கட்டிவிட்டு விமானத்தில் போடாதீர்கள். மடித்துக் கையில் வைத்திருந்து, துறைமுகம் போகும் அன்று காலை ஓட்டல் அறையில் கட்டுங்கள். விமான நிறுவனம் ஒட்டிய பழைய பார்கோடு பட்டை, குட்டி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் அப்போதே உரித்துவிடுங்கள். பிரிண்டர் இல்லையென்றால் கவலை வேண்டாம், போர்ட்டரிடம் வெற்று டேக் இருக்கும். கேபின் எண்ணைச் சொன்னால் எழுதிக் கட்டிவிடுவார். அந்த எண் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். ஓர் இலக்கம் மாறினால் பெட்டி வேறு தளத்துக்குப் போய்விடும்.

பெட்டிக்குள், துணிகளுக்கு மேலாக, இதே விவரத்தை எழுதிய ஒரு தாளையும் வையுங்கள். வெளி டேக் அறுந்துவிட்டால் உங்கள் பெட்டியை அடையாளம் காட்ட அதுதான் இருக்கும்.

கேள்வி: அயர்ன் பாக்ஸ், சின்ன கெட்டில், நாலு பிளக் மாட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப்போகலாமா? விமானத்தில் அனுமதிக்கிறார்களே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூன்றையும் வீட்டிலேயே வையுங்கள். விமானத்தில் இவை அடிவயிற்றில் கிடக்கின்றன, யாரும் மின்சாரத்தில் மாட்டுவதில்லை. கப்பலில் நீங்கள் அறைக்குள் மாட்டுவீர்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது, கப்பல் ஊழியர்களே அணைக்க வேண்டும். அதனால் சூடேறும் கம்பிச்சுருள் உள்ள இத்தகைய பொருள்களைப் பொதுவாக விட மாட்டார்கள். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, அகல் விளக்கு எல்லாம் இதே கணக்குத்தான். பயணத்தில் வெள்ளிக்கிழமை வந்தால் சாமி படத்துக்குப் பூ வைத்துக் கும்பிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தடை ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். நம் வீட்டில் ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பி வருகிறதல்லவா, அதில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருப்பார்கள். பெரும்பாலான கப்பல்களில் அப்படி இல்லை. மின்கம்பிகள் எதையும் இரும்பு உடலோடு இணைக்காமல் விட்டிருப்பார்கள். எங்காவது ஒரு கம்பி உடலில் பட்டாலும் மின்சாரம் அறுந்துபோகாமல் கப்பல் ஓட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் சாதனங்களைக் காக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் வேரிஸ்டர் என்ற சின்ன வட்டத் துண்டு இருக்கும். அது மின்கம்பியையும் எர்த்தையும் இணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கப்பலில் வேறெங்கோ ஒரு கம்பி உடலில் பட்டால், மற்றக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் ஏறிவிடும். வேரிஸ்டர் தாங்கும் அளவைத் தாண்டினால் அது விடாமல் சூடேறி, உருகி, தீப்பிடிக்கும். பார்வைக்கு எந்தப் பாக்ஸில் சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது என்று தெரியாதாகையால், சில நிறுவனங்கள் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையுமே தடுத்துவிட்டன.

நாலைந்து யுஎஸ்பி முனை உள்ள ஒரு சார்ஜர் போதும். அதன் பிளக்கைப் பாருங்கள். பல கப்பல்களில் அமெரிக்கத் தட்டைப்பின் சாக்கெட்டும் ஐரோப்பிய இரட்டை உருண்டைப்பின் சாக்கெட்டும் இருக்கும். நம் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் ஐரோப்பிய சாக்கெட்டில் நுழையும். மூன்று பின் நுழையாது, அடாப்டர் வேண்டும். சட்டை கசங்கினால் கேபினில் இருக்கும் சலவைப் பையில் போட்டு 'பிரஸ்' என்று குறித்துக் கொடுங்கள், கட்டணம் உண்டு. வெந்நீர் பஃபே உணவகத்தில் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள்.

கேள்வி: மதியம் கொடுத்த பெட்டி இரவு ஒன்பதாகியும் வரவில்லை என்றால்? – வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் கேபின் வாசலின் இரு பக்கமும் பாருங்கள். நாலைந்து கதவு தள்ளி இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு கேபின் போனிலும் கதவிலும் ஏதாவது தகவல் இருக்கிறதா பாருங்கள். எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரேயில் போகிறது. அயர்ன் பாக்ஸோ, மது பாட்டிலோ, பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியோ தெரிந்தால் பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கீழ்த்தளத்திலுள்ள பாதுகாப்பு அறைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் முன்னால்தான் திறப்பார்கள். பொருளை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தந்தால், பெரும்பாலும் இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். சட்டப்படியே தடையானது திரும்ப வராது. பூட்டுச் சாவியோடு போங்கள், அதை மறந்துவிட்டுப் போனால் மறுபடியும் பத்து மாடி ஏறி இறங்க வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டர். டேக் அறுந்த பெட்டிகள் அங்கேதான் போய்ச் சேரும். "கறுப்பு சூட்கேஸ்" என்று சொன்னால் அங்கே இருப்பதெல்லாம் கறுப்புதான். பெட்டியைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் காட்டலாம். கைப்பிடியில் ஒரு துண்டு சிவப்பு ரிப்பன் கட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: ஊறுகாய், முறுக்கு, குழந்தைக்குச் சத்துமாவு? – வாசகி, மதுரை

பதில்: கம்பெனி சீல் பிரிக்காத பாக்கெட்டுகளைப் பொதுவாக விடுவார்கள். வீட்டில் சமைத்ததை விட மாட்டார்கள். குழந்தை உணவுக்குச் சலுகை உண்டு. அதைத் தோள்பையில் வையுங்கள், கேட்டால் எடுத்துக் காட்டலாம். ஊறுகாய் பாட்டில் வேண்டாம். கூண்டு வண்டியில் உங்கள் பெட்டி நிமிர்ந்து நிற்காது, அதன்மேல் வேறு நாலு பெட்டி ஏறும். நல்லெண்ணெய் ஒரு முறை கசிந்தால் அந்தப் பட்டுப்புடவை போனதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின், இரவில் தூக்க மாத்திரை. எப்படிக் கொண்டுபோவது? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு, கடைப் பெட்டி பிரிக்காமல். விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்ததைப் போடக்கூடாது. கப்பல் கேபினில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டி பெரும்பாலும் பானம் குளிர்விக்க மட்டுமே. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அந்தக் குளிர் அதில் நிற்குமென்று நம்ப முடியாது. மருந்துக்கென்று தனிக் குளிர்பெட்டியும், பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் டப்பாவும் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

தூக்க மாத்திரையில் கவனம் தேவை. டயஸிபாம் போன்றவற்றுக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு. அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்து, தேவையென்றால் புறப்படும் முன்பே அனுமதி வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மெல்லும் புகையிலை, குட்கா, மின்சிகரெட் எதுவும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: கேபினுக்குள் 28 அங்குலப் பெட்டிக்கு இடம் இருக்குமா? – வாசகர், சேலம்

பதில்: கட்டிலுக்கடியில் நுழையும். துணிகளை அலமாரியில் வைத்துவிட்டுக் காலிப் பெட்டியைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள், சின்னப் பெட்டியைப் பெரியதற்குள் போடுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் ஈரத்துண்டும் தொப்பியும் மாட்டலாம்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறான், பக்கத்துத் துறைமுகமான கால்வெஸ்டனில் கப்பலேறப் போகிறோம். அங்கும் இதே முறைதானா? – வாசகி, ஈரோடு

பதில்: இதே முறைதான். கார் நிற்கும் இடத்திலேயே போர்ட்டர் வந்து வாங்கிக்கொள்வார். அவர் துறைமுக ஆள், கப்பல் ஊழியர் அல்ல. பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், சில்லறை நோட்டாக வைத்திருங்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை.

கேள்வி: கடைசி நாள் காலை பெட்டியோடு எப்படி இறங்குவது? பதினொரு மணிக்கு விமானம் எடுக்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: எடுக்காதீர்கள். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள். கப்பல் காலை ஏழுக்குக் கரை தொட்டாலும், குடிநுழைவு வரிசையும் பெட்டி தேடுவதும் நேரத்தைத் தின்றுவிடும்.

முந்தின நாள் கேபினுக்கு எண்ணோ நிறமோ போட்ட டேக்குகள் வரும். இறங்கும் வரிசை அதை வைத்துத்தான். பழைய டேக்கைக் கழற்றிவிட்டு இதைக் கட்டி, அன்றிரவு குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் பத்து பதினொரு மணிக்குள், பெட்டியை வாசலுக்கு வெளியே வையுங்கள். வைக்கும் முன் மறுநாள் போட வேண்டிய உடை, உள்ளாடை, செருப்பு, பல்துலக்கி, மருந்து, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்துப் பரப்பிப் பாருங்கள். இரவு உடையைப் போட்டுக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து வெளியே வைத்துவிட்டால், அதே இரவு உடையில்தான் காலையில் குடிநுழைவு அதிகாரி முன் நிற்க வேண்டியிருக்கும். குழந்தைகளின் செருப்புதான் அதிகம் மறந்துபோகும்.

அவசரமென்றால் பெட்டியை வெளியே வைக்காமல் நீங்களே இழுத்துக்கொண்டு முதல் வரிசையில் இறங்கலாம். ஆனால் லிஃப்டுக்குக் கூட்டம் முட்டும், படியிலும் இறங்குபாலச் சரிவிலும் உதவிக்கு ஆள் வராது. முட்டிவலி உள்ளவர்கள் இருந்தால் இது வேண்டாம். மற்றவர்கள் எண் கூப்பிட்ட பிறகு கீழே வந்தால், டெர்மினல் கூடத்தில் எண் பலகைகளுக்கடியில் பெட்டிகள் வரிசையாக நிற்கும். உங்களுடையது போலவே இன்னும் பத்து நிற்கும், அதனால் கைப்பிடியைத் தொடும் முன் டேக்கில் பெயரைப் படியுங்கள். தவறுதலாக வேறொருவர் பெட்டியை விமான நிலையம் வரை கொண்டுபோய்விட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க வருவதற்குள் உங்கள் விமானமும் போய்விடும்.